யேனா வில்லையும் 42 மில்லிமீட்டர் மரையும்

கருவிகளுள் சில, தம்மைப் படைத்த ஆட்சிகள் மறைந்த பின்னரும் பயன் தந்து நிற்கின்றன. சோவியத் ஒன்றியத்தில் செய்யப்பட்ட ஹீலியாஸ் 44-2 என்னும் ஒளிப்பட வில்லை அத்தகையவற்றுள் ஒன்று. அவ்வொன்றியம் 1991ஆம் ஆண்டில் கலைந்தது. அவ்வில்லையைத் தாங்கிய படச்சுருள் கேமராக்களும் பெரும்பாலும் பரணேறிவிட்டன. ஆயினும் வில்லை மட்டும், இன்றைய ஜப்பானிய நிறுவனங்களின் மின்னியல் கேமராக்களில் ஓர் உலோக வளையத்தின் துணையால் அமர்ந்து, செவ்வனே படம் எடுக்கின்றது. இஃது எவ்வாறு இயன்றது? விடையின் ஒரு பாதி வில்லையின் கண்ணாடியிலும், மறு பாதி அதன் அடியிலுள்ள மரையிலும் இருக்கிறது. இரண்டிற்கும் தனித்தனி வரலாறு உண்டு.

யேனா நகரின் பட்டறை

ஜெர்மனியின் யேனா நகரில் கார்ல் சைஸ் என்பார் 1846இல் ஒரு சிறு பட்டறையைத் தொடங்கினார். நுண்ணோக்கி செய்வது அவர் தொழில். வில்லைகளைத் தேய்த்துப் பார்த்தும், மாற்றிப் பொருத்திப் பார்த்தும் நல்லதைத் தேர்ந்தெடுப்பதே அக்காலத்து வழக்கம். 1866இல் அவரோடு சேர்ந்த எர்ன்ஸ்ட் ஆபே என்னும் அறிஞர், கணக்கிட்ட பின்னரே கண்ணாடியைத் தேய்க்கும் முறையை நிலைநாட்டினார். கணக்கு கேட்ட கண்ணாடி கிடைக்க வேண்டுமே! அக்குறையை ஓட்டோ ஷாட் தீர்த்தார். 1884இல் யேனாவில் எழுந்த கண்ணாடி ஆலை, புதுவகை ஒளியியல் கண்ணாடிகளை வார்த்துத் தந்தது.

இவ்வடித்தளத்தின்மீது பால் ருடால்ஃப் 1896இல் பிளானார் என்னும் வில்லையை வகுத்தார். ஆறு கண்ணாடிகள் நான்கு தொகுதிகளாக, நடுத்துளையின் இருபுறமும் ஒன்றையொன்று எதிர்நோக்கி நிற்கும் அமைப்பு அது. கணக்கில் அது சிறந்தது. நடைமுறையில் ஓர் இடர் இருந்தது. காற்றைத் தொடும் ஒவ்வொரு கண்ணாடிப் பரப்பும் தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 4 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பும். பிளானாரில் அத்தகைய பரப்புகள் எட்டு. எட்டையும் கடப்பதற்குள் கால் பங்குக்கு மேற்பட்ட ஒளி இழக்கப்பட்டதோடு, திரும்பிய ஒளி படத்தின்மீது வெண்திரையாகவும் படர்ந்தது. ஆதலின் அவரே 1902இல் வகுத்த, நான்கே கண்ணாடிகள் கொண்ட டெஸ்ஸார் வில்லைதான் உலகெங்கும் பரவியது.

இவ்விடர் 1935இல் விலகத் தொடங்கியது. சைஸ் நிறுவனத்தைச் சேர்ந்த அலெக்சாண்டர் ஸ்மாகுலா, கண்ணாடியின்மீது மிக மெல்லிய படலம் பூசி எதிரொளிப்பைக் குறைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அதே காலத்தில் வில்லி மெர்ட்டே என்பார், பிளானாரின் வழிவந்த ஆறு கண்ணாடி அமைப்பில் 58 மில்லிமீட்டர் பயோட்டார் வில்லையைக் கணித்தார். டிரெஸ்டன் நகரில் 1936இல் வெளிவந்த கைன் எக்சாக்டா போன்ற கேமராக்களுக்கு அது பொருந்தியது.

பிரிந்த நிறுவனம், பரவிய அறிவு

1945 ஏப்ரலில் அமெரிக்கப் படை யேனாவுக்குள் புகுந்தது. அந்நகர் சோவியத் பகுதிக்கு உரியது என முடிவாகியிருந்தமையால், அமெரிக்கர் அங்கிருந்து நீங்குமுன் நிறுவனத்தின் தலைவர்களையும் அறிஞர்களையும் தம்முடன் மேற்கே கொண்டு சென்றனர். ஜூலையில் சோவியத் படை வந்தது. பின்னர் ஆலையின் பொறிகளில் பெரும்பகுதி கழற்றப்பட்டுக் கிழக்கே சென்றது. 1946 அக்டோபரில் வல்லுநர் பலரும் சோவியத் நாட்டுக்கு அனுப்பப்பட்டனர்.

ஆக ஒரு சைஸ் இரண்டாயிற்று. மேற்கே ஓபர்கோஹன் ஊரில் ஒன்று. கிழக்கே யேனாவில் மற்றொன்று. பெயர் யாருக்கு உரியது என்னும் வழக்கு பல நாட்டு நீதிமன்றங்களில் பல்லாண்டுகள் நடந்தது. அவ்வழக்கின் விளைவாக, மேற்கு நாடுகளில் விற்ற யேனா வில்லைகள் பல தம் முழுப் பெயரைத் தாங்க இயலவில்லை. டெஸ்ஸார் என்பது ‘டி’ என்றும், பயோட்டார் என்பது ‘பி’ என்றும் ஒற்றை எழுத்தாய்ச் சுருங்கின.

மாஸ்கோவை அடுத்த கிராஸ்னகோர்ஸ்க் ஆலையில் பயோட்டாரின் அமைப்பு வேறு பெயர் பெற்றது. அதுவே ஹீலியாஸ் 44. ஹீலியாஸ் என்பது கிரேக்க மொழியில் கதிரவனைக் குறிக்கும். ஜெனிட் வரிசைக் கேமராக்களோடு அது மிகப் பெருந்தொகையாக வெளிவந்தது. ஜெர்மானியர் ஒருவரின் கணக்கு, அவர் பெயர் அறியாத எண்ணற்ற வீடுகளில் குடும்பப் படங்களாக நிலைத்தது.

மூன்று எண்கள்

இனி மரையின் வரலாறு. கண்ணாடி எத்துணைச் சிறந்ததாயினும், கேமராவில் சரியான தொலைவில் நில்லாவிடின் பயனில்லை. 1949இல் டிரெஸ்டனிலிருந்து வெளிவந்த காண்டாக்ஸ் எஸ் கேமரா இதற்கு ஓர் எளிய அளவைக் கொண்டது. மரையின் விட்டம் 42 மில்லிமீட்டர். ஒரு சுற்றின் நகர்வு 1 மில்லிமீட்டர். வில்லை அமரும் விளிம்பிலிருந்து படச்சுருள் வரை 45.46 மில்லிமீட்டர். அக்கேமராவினுள் ஓர் ஆடி சாய்ந்து நின்று காட்சியைக் கண்ணுக்குத் திருப்பும்; படமெடுக்கும் நொடியில் மேலெழுந்து விலகும். அவ்வாடி அசைவதற்கு இடம் விட வேண்டியிருந்தமையாலேயே இத்தொலைவு இத்துணை நீண்டது.

கிழக்கு ஜெர்மனியின் பிராக்டிகா இம்மரையை ஏற்றது. 1957இல் ஜப்பானின் அசாஹி பென்டாக்ஸ் ஏற்றது. 1960களில் சோவியத் ஜெனிட்டும் ஏற்றது. பனிப்போரால் பிளவுண்டு கிடந்த உலகில், எதிரெதிர் அணி நாடுகள் ஒரு மரையில் மட்டும் ஒத்து நின்றன. மாஸ்கோ வில்லை டோக்கியோ கேமராவில் திருகி அமர்ந்தது.

பின்னர்க் காலம் மாறியது. விரைவாகப் பூட்டிக் கழற்றும் பிடிகள் வந்தன. பென்டாக்ஸே 1975இல் மரையைக் கைவிட்டது. 1985க்குப் பின் தானே குவியம் காணும் கேமராக்கள் பெருகின. மரை வில்லைகள் பழங்கடைகளுக்குச் சென்றன. அவற்றை வேறு பிடிகளில் பொருத்த முயன்றோருக்கும் தடை இருந்தது. நிக்கான் எஃப் பிடியின் தொலைவு 46.5 மில்லிமீட்டர், அது 45.46ஐ விட மிகுதி. வளையம் வைப்பது இருக்கட்டும், வெறுமனே அமர்த்தினாலும் வில்லை தொலைவில் நின்றுவிடும். தொலைதூர மலையும் நிலவும் தெளிவாக விழா.

ஆடி நீங்கியதால் விளைந்த நன்மை

2008இல் பானசோனிக் நிறுவனம், ஆடியை அறவே நீக்கி வில்லையை மாற்றவல்ல மின்னியல் கேமராவான ஜி1ஐ வெளியிட்டது. 2010இல் சோனி தன் என்இஎக்ஸ் வரிசையைக் கொணர்ந்தது. ஆடியில்லாத கேமராவுக்கு ஆடியின் இடம் வேண்டாமன்றோ? சோனியின் தொலைவு 18 மில்லிமீட்டராகக் குறைந்தது. 45.46இல் 18ஐக் கழித்தால் 27.46. அந்த மீதத்தை நிரப்பும் உலோக வளையமே அடாப்டர் எனப்படுவது. அதனுள் கண்ணாடி இல்லை, மின்கம்பி இல்லை. பள்ளி மாணவர் செய்யும் ஒரு கழித்தல் கணக்கே அதன் தத்துவம். 2013இல் படச்சுருளின் 24க்கு 36 மில்லிமீட்டர் அளவையே கொண்ட ஆடியில்லாக் கேமராவைச் சோனி அறிவித்தபோது, பழைய வில்லைகள் தம் முழுப் பார்வையையும் மீண்டும் பெற்றன.

பயன்படுத்துவோர் குவியத்தைக் கையால் திருப்புகின்றனர். தெளிவான விளிம்புகளைக் கேமரா வண்ணக் கோடிட்டுக் காட்டுகிறது. வேண்டிய பகுதியைப் பெருக்கியும் காட்டுகிறது. கண்பார்வை குன்றியோரும் இதனால் எளிதில் குவியம் காண முடிகிறது. பழைய வில்லைகளுக்குக் குறைகளும் உண்டு. எதிர்வெயிலில் ஹீலியாஸ் படம் வெளுக்கும். பின்னணியின் ஒளிப்புள்ளிகள் சுழல்வன போல் தோன்றும். அன்று குறையெனப்பட்ட அச்சுழலை இன்று விரும்பித் தேடுகின்றனர். தோரியம் கலந்த கண்ணாடியுள்ள சில டக்குமார் வில்லைகள் நாளடைவில் பழுப்பேறும். புறஊதா ஒளியில் வைத்தால் பெரிதும் தெளியும். மலேசியா, சிங்கப்பூர் போன்ற ஈரக்காற்று நாடுகளிலோ கண்ணாடியின்மேல் பூஞ்சை படரும். உலர்பெட்டியில் காப்பதே வழி.

வருங்காலத்திற்கு எது எஞ்சும்?

இவ்வரலாற்றில் எழும் கேள்வி ஒன்று உண்டு. இன்றைய வில்லைகள் பல, குவியத்திற்கும் ஒளித்துளைக்கும் மின்சாரத்தையும், கேமரா அனுப்பும் குறிமொழியையும் நம்பியுள்ளன. வெற்று வளையத்தில் பொருத்தினால் அவற்றின் துளை மாறாது, குவியமும் நகராது. அக்குறிமொழி மறைபொருளாகவே இருந்து, அதனை அறிந்த நிறுவனம் மறையுமாயின், கண்ணாடி பழுதின்றியிருந்தும் வில்லை ஊமையாகும்.

மெர்ட்டேயின் கணக்குக்கு அந்நிலை நேரவில்லை. போர் அதனை நாடு கடத்தியது, நீதிமன்றம் அதன் பெயரைச் சுருக்கியது, அரசுகள் மறைந்தன. எனினும் 42, 1, 45.46 என்னும் மூன்று எண்களும் எவரும் அளந்தறியத்தக்கனவாக இருந்தன. அவற்றைப் பின்னர் வந்த தொழிலாளி அளந்தான், கழித்தான், வளையம் கடைந்தான். செய்பொருளோடு அதன் அளவையும் வெளிப்படையாக விட்டுச் செல்வோரே, தாம் காணப்போகாத தலைமுறைக்கும் உதவியவர் ஆவர்.