நான்கு கொத்துகளும் பதின்மூன்று காலியிடங்களும்: ஆதி முதுகெலும்பிகளின் மரபணு இரட்டிப்பு

ஆம்பியாக்சஸ் ஐந்து சென்டிமீட்டர் அளவேயுள்ள கடலுயிரி. ஆழமற்ற நீரின் மணலில் உடலைப் புதைத்து, வாய்ப்பக்கத்தை மட்டும் வெளியே நீட்டி, நீரை வடிகட்டி உண்கிறது. அதற்கு முதுகுநாண் உண்டு. முதுகெலும்பும் தாடையும் இல்லை. 2008இல் அதன் மரபணுத்தொகுதி வெளியானபோது ஏறத்தாழ 21,900 மரபணுக்கள் இருப்பதாகக் கணக்கிட்டார்கள். மனிதனிடம் இருப்பவை ஏறத்தாழ 20,000. முதுகெலும்பிகளின் மூதாதையரிடம் மரபணுத்தொகுதி முழுவதும் இருமுறை இரட்டித்தது என்றால், நமக்கு நான்கு மடங்கு இருக்க வேண்டாமா? ஆனால் இரட்டிப்புக்கு வலுவான ஆதாரம் தந்ததும் அதே ஆய்வுதான். எண்ணிக்கை கைவிட்ட இடத்தில் எது சாட்சி சொன்னது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

இக்கருத்துக்கு வேர், கலிபோர்னியாவில் பணியாற்றிய சுசுமு ஓனோ 1970இல் வெளியிட்ட நூல். ஒற்றையாய் இருக்கும் மரபணுவை இயற்கைத் தேர்வு எளிதில் மாறவிடாது. நகல் ஒன்று இருந்தால், ஒன்று பழைய வேலையைப் பார்த்துக்கொள்ள மற்றது புது வேலைக்குப் போகலாம் என்றார் அவர். அன்று அவர் கையில் இருந்த சான்றுகள் உயிரணுவின் டிஎன்ஏ அளவும் குரோமோசோம்களின் தோற்றமும்தான். ஆம்பியாக்சஸின் டிஎன்ஏ நம்முடையதில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. ஆனால் திரும்பத் திரும்ப வரும் வெற்று வரிசைகளாலும் டிஎன்ஏ பெருகும் என்பதால், அளவை மட்டும் நம்ப முடியாது. ஓனோவின் துணிச்சல், சான்றுக்குப் பல ஆண்டுகள் முந்திச் சென்றுவிட்டது.

திருப்பம் 1994இல் வந்தது. தலை முதல் வால் வரை எந்த இடத்தில் எந்த உறுப்பு அமைய வேண்டும் என்பதை வகுப்பவை ஹாக்ஸ் மரபணுக்கள். ஆம்பியாக்சஸில் அவை ஒரே கொத்தாக இருப்பதை கார்சியா-ஃபெர்னாண்டஸும் பீட்டர் ஹாலண்டும் காட்டினார்கள். மனிதனில் நான்கு கொத்துகள். 7, 17, 12, 2 ஆகிய குரோமோசோம்களில் முறையே ஏ, பி, சி, டி. அவற்றை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பார்த்தால் 13 நெடுவரிசைகள், 52 இடங்கள். இருப்பவை 39. நான்காம், ஒன்பதாம், பதின்மூன்றாம் இடங்களில் நான்கு நகல்களும் பிழைத்திருக்கின்றன. இரண்டாம் இடத்தில் ஏ, பி மட்டும். பன்னிரண்டாம் இடத்தில் சி, டி மட்டும். என் பார்வையில் இக்காலியிடங்களே அட்டவணையின் உயிர். தனித்தனி மரபணுக்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பெருகியிருந்தால் நான்கு கொத்துகளிலும் ஒரே வரிசை அமைந்திராது. முழுதாகப் படியெடுத்து, பின்பு கொத்துக்கொரு விதமாக இழந்ததன் தடம் இது. எண்ணிக்கை பெருகாததற்கும் விடை இதிலேயே இருக்கிறது: நகல்களில் பெரும்பாலானவை அழிந்துபோயின.

எதிர்ப்பு இல்லாமலில்லை. இருமுறை இரட்டித்திருந்தால் நான்கு நகல்களும் மரபுவழி மரத்தில் இரண்டிரண்டாகச் சேர வேண்டும். பல மரபணுக் குடும்பங்களில் அப்படிச் சேரவில்லை என்று ஆஸ்டின் ஹியூஸ் 1999இல் வாதிட்டார். நியாயமான வாதம்தான். 2005இல் டீஹலும் பூரும் மரத்தை மட்டும் நம்பாமல், மரபணுக்கள் குரோமோசோமில் யார் அருகில் யார் என்று இருக்கின்றன என்பதைப் பார்த்தார்கள். மனித மரபணுத்தொகுதியில் ஒரே அண்டைவீட்டு வரிசை நான்கு இடங்களில் தென்பட்டது. 2008இன் ஆம்பியாக்சஸ் ஆய்வு, முதுகுநாணிகளின் மூதாதையருக்குரிய 17 குரோமோசோம்களை மீட்டமைத்து, அவற்றின் துண்டுகள் நம்மிடம் நான்கு நான்காகக் கிடப்பதைக் காட்டியது.

பிழைத்த நகல்கள் எல்லாமே புது வேலை தேடிப் போகவில்லை. எலும்பு மீன்களின் பெருங்குழுவான டெலியோஸ்ட் மீன்களில் பிற்பாடு மூன்றாம் இரட்டிப்பு நடந்தது. எலியில் ஒரே என்கிரெய்ல்டு மரபணு செய்யும் வேலையை, வரிக்குதிரை மீனில் இரு நகல்கள் பங்கிட்டுக்கொண்டன: ஒன்று துடுப்பு மொட்டில், மற்றது பின்மூளை, தண்டுவட நரம்பணுக்களில். 1999இல் ஃபோர்ஸ், லிஞ்ச் குழுவினர் காட்டிய இந்தப் பாகப்பிரிவினை, ஓனோவின் படத்தில் இருந்த ஒரு பெரிய குறையை நிரப்பியது. பங்கு பிரிந்தபின் இரண்டில் எதையும் இழக்க முடியாது.

முதல் இரு இரட்டிப்புகளும் எப்போது நடந்தன என்பதில்தான் அண்மைய மாற்றம். தாடையற்ற லாம்ப்ரேயிலும் ஹேக் மீனிலும் ஆறு ஹாக்ஸ் கொத்துகள் உள்ளன. 2024இல் வெளியான ஹேக் மீன் மரபணுத்தொகுதி ஆய்வுகளின்படி, முதல் இரட்டிப்பு எல்லா முதுகெலும்பிகளுக்கும் பொது. இரண்டாவது தாடையுள்ள கிளைக்கு மட்டும் உரியது. தாடையற்ற கிளையோ தன் வழியில் மும்மடங்கானது. இரட்டிப்புதான் தாடையைத் தந்தது என்ற பழைய விளக்கத்தை இந்த ஆறு கொத்துகளின் முன் அப்படியே வைக்க முடியவில்லை: நம்மைவிட அதிகக் கொத்துகளோடு ஹேக் மீன் இன்றும் தாடையின்றிக் கடலடியில் இறந்த உடல்களை உண்டு வாழ்கிறது.