விதைநெல்லும் லினக்ஸும்

"மலருக்கு ஏதாவது பயனுள்ளதாக எழுதுங்கள்" என்று சங்கத்திலிருந்து கேட்டார்கள். பயன் இருக்கிறதோ இல்லையோ, ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள இந்தப் பக்கத்தைப் பயன்படுத்திக் கொள்கிறேன். மூத்த அண்ணன்மார்களும் தம்பி, தங்கைகளும் பொறுத்தருள வேண்டும்.

2012 பொங்கல். கடைசி வருடப் படிப்பு. என் ஊர் மார்க்கையன்கோட்டை. சின்னமனூருக்குப் பக்கம், முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் இரண்டு போகம் நெல் விளைகிற பூமி. லீவுக்கு வந்தவனை, தெருவில் அரசு மடிக்கணினி வாங்கிய பிளஸ் டூ பிள்ளைகள் பிடித்துக் கொண்டார்கள்.

"அண்ணே, ஆன் பண்ணுனா விண்டோஸா, பாஸான்னு கேக்குது. அந்த பாஸைத் தூக்கி விட்டுருங்கண்ணே, சும்மா எடத்தை அடைக்குது."

திண்ணையில் உட்கார்ந்து ஒரே நாளில் ஏழு மடிக்கணினிகளில் பாஸ் லினக்ஸை அழித்துக் கொடுத்தேன். முறுக்கும் டீயும் பாராட்டும் கிடைத்தன. வேடிக்கை என்னவென்றால், அதற்கு முந்தைய செமஸ்டரில்தான் நம் கல்லூரியில் 'ஓப்பன் சோர்ஸ்' ஆய்வகம் முடித்து, ரெக்கார்டு நோட்டில் கையெழுத்தும் வாங்கியிருந்தேன்!

நான் அழித்தது என்ன என்பதற்கு ஒரு சின்ன வரலாறு உண்டு. விலை கொடுத்து வாங்கும் ஆப்பரேட்டிங் சிஸ்டம் நமக்குச் சொந்தமாவதில்லை. உள்ளே எப்படி எழுதியிருக்கிறது என்று பார்க்க முடியாது; மாற்றக் கூடாது; நண்பனுக்குப் பிரதி கொடுக்கக் கூடாது. இந்தக் கட்டுப்பாடு வேண்டாம் என்று 1983-ல் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் 'குனு' திட்டத்தை அறிவித்தார். 1991-ல் பின்லாந்தில் 21 வயது மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கருவை வெளியிட்டார். மறு வருடம் அது குனு உரிமத்தின் கீழ் வந்தது. படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம். கொடுப்பவர் அதே உரிமையையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் நிபந்தனை.

தமிழ்நாட்டிலும் இதற்கு ஆள் இருந்தது. 1998-லேயே சென்னையில் லினக்ஸ் பயனர் குழு தொடங்கிவிட்டது. 2005-ல் மத்திய அரசின் ஆதரவில் சி-டாக் சென்னையும் அண்ணா பல்கலைக்கழகத்தின் ஏ.யு-கே.பி.சி. ஆய்வு மையமும் சேர்ந்து தேசிய வள மையம் ஒன்றை அமைத்தன. அங்கிருந்து 2007-ல் வெளிவந்ததுதான், டெபியனை அடிப்படையாகக் கொண்ட பாஸ் லினக்ஸ். அதே காலகட்டத்தில் எல்காட் நிறுவனம், அதன் நிர்வாக இயக்குநராக இருந்த சி. உமாசங்கர் ஐ.ஏ.எஸ். முயற்சியில், தன் அலுவலகக் கணினிகளை லினக்ஸுக்கு மாற்றியது. 2011 செப்டம்பர் 15-ல் இலவச மடிக்கணினித் திட்டம் தொடங்கியபோது விண்டோஸுடன் பாஸும் கூடவே வந்தது.

இத்தனை பேர் உழைப்பில் எங்கள் தெருவரைக்கும் வந்து சேர்ந்த ஒன்றை நான் அரை மணிக்கு ஒன்று வீதம் அழித்திருக்கிறேன்.

பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் பிரவுசிங் சென்டரில் பார்த்தது விண்டோஸ் மட்டும்தான். பாஸ் என்றால் என்ன என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நம் கம்பத்திலிருந்து மலை ஏறினால் குமுளி. அந்தப் பக்கம் கேரளத்தில், பள்ளி ஆசிரியர்களுக்கு முதலில் பயிற்சி கொடுத்து, பாடத்தையும் பரீட்சையையும் லினக்ஸிலேயே நடத்தினார்கள். அங்கே அது நிலைத்தது. நம் பக்கம் 2018-ல் வந்த புதிய பதினோராம் வகுப்புக் கணினிப் பாடநூலில்தான் உபுண்டு முறையாக இடம் பிடித்தது. சொல்லிக் கொடுக்க வேண்டிய படித்தவன் ஒருவன் அன்று திண்ணையிலேயே இருந்தான். அவன்தான் அழித்தான்.

2020 ஜனவரி 14-ல் விண்டோஸ் 7-க்கான ஆதரவு நின்றது. இரண்டு மாதத்தில் ஊரடங்கு. அந்த ஏழில் இரண்டு மடிக்கணினிகள் உயிரோடு இருந்தன, ஆமை வேகம். ஆன்லைன் வகுப்புக்காகத் தம்பி, தங்கைகளுக்கு அவைதான் கதி. ஒரு பென் டிரைவில் இலகுவான லினக்ஸ் ஒன்றைக் கொண்டு போய்ப் போட்டேன். ஒன்று நன்றாக ஓடியது. இன்னொன்றில் விண்டோஸையும் விட்டு வைத்தேன். அந்தப் பெண்ணின் கல்லூரித் தேர்வு மென்பொருள் அதில் மட்டும்தான் வேலை செய்யும். அதனாலென்ன? எது வேண்டும் என்று தீர்மானிக்கும் வாய்ப்பு திரும்பக் கிடைத்ததே!

பார்த்துக் கொண்டிருந்த அப்பா கேட்டார்: "இப்பிடி ஊருக்கெல்லாம் எடுத்துக் குடுத்தா கேஸு வராதாடா?"

"வராதுப்பா. குடுக்கலாம்னுதான் எழுதியே வச்சிருக்காங்க."

"அப்ப நம்ம விதைநெல்லு மாதிரின்னு சொல்லு."

நான்கு வருடம் படித்தும் எனக்கு இவ்வளவு சுருக்கமாகச் சொல்ல வரவில்லை.

நண்பர்களே, விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. உங்கள் வீட்டிலும் அலுவலகத்திலும் பழைய கணினிகள் காயலான் கடைக்குத் தயாராக இருக்கும். போடுவதற்கு முன் ஒரு தடவை லினக்ஸைப் போட்டுப் பாருங்கள். சந்திப்பு நாளன்று பென் டிரைவோடு வருகிறேன். கேட்பவர்களுக்கு உட்கார்ந்து போட்டுத் தருகிறேன். ஏழு மடிக்கணினிக் கடனில் இன்னும் ஐந்து பாக்கி இருக்கிறது.