மரபுவழி மார்பகப் புற்றுநோயின் மீயொலித் தோற்றம்

மரபுவழி மார்பகப் புற்றுநோயின் மீயொலித் தோற்றம் என்பது, பி.ஆர்.சி.ஏ 1, பி.ஆர்.சி.ஏ 2 ஆகிய மரபணுக்களில் பிறழ்வைப் பெற்றோரிடமிருந்து பெற்ற பெண்களுக்கு உண்டாகும் மார்பகப் புற்றுக்கட்டிகள் மீயொலிப் படத்தில் தென்படும் விதத்தைக் குறிக்கும். இக்கட்டிகளுள் ஒரு பகுதி தீங்கற்ற கட்டியைப் போலவே தோன்றுவதால், நோயைக் கண்டறிதல் தாமதமாகும் ஆபத்து உண்டு.

பின்னணி

பி.ஆர்.சி.ஏ 1 மரபணு 17ஆம் குரோமோசோமில் அமைந்துள்ளது என்பதை 1990இல் மேரி-கிளேர் கிங் தலைமையிலான அமெரிக்கக் குழு காட்டியது. மரபணு 1994இல் பிரித்தெடுக்கப்பட்டது. 13ஆம் குரோமோசோமில் உள்ள பி.ஆர்.சி.ஏ 2, 1995இல் இனங்காணப்பட்டது. சேதமுற்ற டி.என்.ஏ.வைச் செப்பனிடும் புரதங்களை இவை ஆக்குகின்றன. 2017இல் வெளியான ஆய்வொன்றின்படி, 80 வயதிற்குள் மார்பகப் புற்றுநோய் உண்டாகும் வாய்ப்பு பி.ஆர்.சி.ஏ 1 பிறழ்வுடைய பெண்களில் ஏறத்தாழ 72%, பி.ஆர்.சி.ஏ 2 பிறழ்வுடையோரில் 69% ஆகும்.

தோற்றமும் காரணமும்

பொதுவாகக் காணப்படும் ஊடுருவும் புற்றுக்கட்டி, மீயொலிப் படத்தில் ஒழுங்கற்ற வடிவும் முள்முள்ளான விளிம்பும் கொண்டிருக்கும். அதன் பின்னால் கரிய நிழல் விழும். கட்டியைச் சுற்றி உருவாகும் நார்த்திசு அருகிலுள்ள திசுவை இழுப்பதால் முட்கள் தோன்றுகின்றன. அதே நார்த்திசு ஒலியை உறிஞ்சுவதால் நிழல் உண்டாகிறது.

பி.ஆர்.சி.ஏ 1 கட்டிகளில் பல இவ்வாறு அமைவதில்லை. விரைவாகப் பெருகும் உயிரணுக்கள் நெருக்கமாக அடைந்திருக்க, நார்த்திசு குறைவாகவே இருக்கும். கட்டி சுற்றுத் திசுவை ஊடுருவி இழுப்பதைவிட, தள்ளிக்கொண்டு வளர்கிறது. எனவே விளிம்பு வழவழப்பாகவும், வடிவம் உருண்டையாகவோ நீள்வட்டமாகவோ தெரியும். ஒலி எளிதில் ஊடுசெல்வதால் பின்புறம் நிழலுக்குப் பதிலாக வெளிச்சம் கூடுகிறது. இவை அனைத்தும் இளம்பெண்களுக்குச் சாதாரணமாக வரும் ஃபைப்ரோஅடினோமா என்னும் தீங்கற்ற கட்டியின் அடையாளங்களே. மிகக் கரிதாகத் தெரியும் கட்டியை நீர்க்கட்டி என்று தவறாகக் கொள்வதும் நேரலாம். உட்புறத்தில் குருதியோட்டம் தென்பட்டால் அது நீர்க்கட்டி அன்று.

பி.ஆர்.சி.ஏ 2 கட்டிகள் பெரும்பாலும் ஈஸ்ட்ரோசன் ஏற்பி உடையவை. தோற்றத்திலும் பிற பெண்களுக்கு வரும் புற்றுநோயையே ஒத்துள்ளன.

நோயறிதலில் பயன்பாடு

வழவழப்பான நீள்வட்டக் கட்டியைச் சாதாரணமாக 'தீங்கற்றதாக இருக்கக்கூடும்' என வகைப்படுத்தி, ஆறு மாதத்தில் மீண்டும் பார்ப்பர். அவ்வகைக் கட்டி புற்றாக இருக்கும் வாய்ப்பு 2 விழுக்காட்டிற்கு மேற்படாது என்பதே இதன் அடிப்படை. பிறழ்வுடைய பெண்ணுக்கு இக்கணக்கை அப்படியே பொருத்துவது சரியன்று. புதிதாகத் தோன்றிய திண்மக் கட்டி எதுவாயினும் ஊசித் திசு ஆய்வு செய்வதே பாதுகாப்பானது. விளிம்பின் ஒரு சிறு பகுதி மட்டும் மங்கலாகவோ நுண்ணிய புடைப்புகளுடனோ இருத்தல் பல வேளைகளில் ஒரே துப்பாக அமையும். விரைவாகப் பார்த்தால் அது தவறிவிடும்.

ஆயினும் மீயொலியை மட்டும் நம்புதல் போதாது. பிறழ்வுடைய 236 பெண்களைப் பற்றி 2004இல் வெளியான கனடிய ஆய்வில், எம்.ஆர்.ஐ. 77% புற்றுகளையும், மார்பக ஊடுகதிர்ப்படம் 36 விழுக்காட்டையும், மீயொலி 33 விழுக்காட்டையும் கண்டறிந்தன. ஆகவே ஆண்டுதோறும் செய்யும் பரிசோதனையில் எம்.ஆர்.ஐ. முதன்மை பெறுகிறது. அதில் தென்பட்ட இடத்தை மீண்டும் தேடிப் பார்க்கவும், கைக்குத் தட்டுப்படும் கட்டியை ஆராயவும், திசு எடுக்கும் ஊசிக்கு வழிகாட்டவும் மீயொலி பயன்படுகிறது. கதிர்வீச்சு இல்லாததால் கருவுற்ற பெண்களுக்கும் இது ஏற்றதாகும்.