தட்டக் கூடாது!

வீட்டில் பையன் குப்பைத் தொட்டி மூடியை எடுத்துத் தட்டினால் என்ன கிடைக்கும்? முதுகில் ஒன்று கிடைக்கும். அதையே மேடையில் தட்டினால்?

லூக் கிரெஸ்வெல், ஸ்டீவ் மெக்நிகோலஸ் என்று இரண்டு பேர் 1991-ல் பிரிட்டனில் தட்டிப் பார்த்தார்கள். துடைப்பம், தீப்பெட்டி, வாளி, தொட்டி மூடி. இவைதான் வாத்தியங்கள். வசனம் கிடையாது. 'ஸ்டோம்ப்' என்று பெயர். நியூயார்க்கில் 1994-ல் தொடங்கிய இந்த நிகழ்ச்சி 2023 ஜனவரியில்தான் முடிந்தது. சுமார் 29 வருஷம்! முதலீடு, நாலு துடைப்பம். காமர்ஸ் படித்த எனக்குப் பெருமூச்சு வராமல் என்ன செய்யும்?

ஆனால் ஒன்று. கிரெஸ்வெல் அடிப்படையில் டிரம்மர். துடைப்பம் அவராக விரும்பி எடுத்தது. டிரம் தட்டவே கூடாது என்று தடுக்கப்பட்டவர்கள் கையில் எதை எடுப்பார்கள்? அதைப் பார்க்க டிரினிடாட் தீவுக்குப் போகவேண்டும்.

பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த அந்தத் தீவில், அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட ஆப்பிரிக்க வம்சாவளியினருக்குக் கார்னிவல்தான் திருவிழா. தீப்பந்தம், தோல் மேளம், தெரு நிறைய ஜனம். வெள்ளை அதிகாரிகளுக்கு வயிற்றைக் கலக்கியது. 1881-ல் போலீஸுக்கும் மக்களுக்கும் பெரிய மோதல். 1884-ல் மேளத்துக்குத் தடை. (அதே வருஷம் சான் பெர்னாண்டோவில் முஹர்ரம் ஊர்வலம் போன இந்தியத் தோட்டத் தொழிலாளர்களையும் சுட்டுத் தள்ளினார்கள்.)

மேளம் போச்சா? சரி, மூங்கிலை வெட்டினார்கள். குட்டையும் நெட்டையுமாக நறுக்கித் தரையில் குத்தினால் தாளம். 1930-களில் மூங்கிலோடு பிஸ்கெட் டின், பெயின்ட் டப்பா, ஆமாம், குப்பைத் தொட்டி மூடியும் சேர்ந்துகொண்டது. அடித்து அடித்து நசுங்கிய டப்பாவில் ஒவ்வொரு பள்ளமும் ஒவ்வொரு சுருதி பேசுவதைச் சில இளைஞர்கள் கவனித்தார்கள். அங்கே பிறந்ததுதான் ஸ்டீல்பேன்.

யுத்தம் முடிந்த சமயம் எண்ணெய்ப் பீப்பாய்க்கு மாறினார்கள். எல்லி மானெட் போன்றவர்கள் அதன் அடித்தட்டைச் சம்மட்டியால் குழித்து, தீயில் காய்ச்சி, சின்னச் சுத்தியலால் ஒவ்வொரு ஸ்வரமாகத் தட்டி எடுத்தார்கள். கேட்பவர்களுக்குச் சொர்க்கம். பெற்றவர்களுக்கு? பீப்பாய் தட்டுகிறவன் ரவுடி. கோஷ்டி மோதல்கள் வேறு நடந்தன. போலீஸ் துரத்தியது.

1951-ல் லண்டனில் 'பிரிட்டன் விழா'. டிரினிடாட்டிலிருந்து ஒரு ஸ்டீல் பேண்டை அனுப்ப முடிவாயிற்று. ஒன்றோடொன்று முட்டிக்கொண்டிருந்த குழுக்களிலிருந்தே ஆட்களைப் பொறுக்கினார்கள். மானெட்டும் உண்டு, 'ஸ்ப்ரீ' என்று எல்லோரும் அழைத்த வின்ஸ்டன் சைமனும் உண்டு. பயிற்சி கொடுக்க வந்தவர் யார் தெரியுமோ? ஜோசப் கிரிஃபித், போலீஸ் பேண்ட்காரர்! மனிதர் கறார். அரை ஸ்வரம்கூட விட்டுப்போகாமல் முழு வரிசையும் பீப்பாயில் வந்தாகவேண்டும் என்றார். வந்தது.

ஜூலை மாதம் தேம்ஸ் நதிக்கரையில் வாசித்தார்கள். பழைய பீப்பாய்களைப் பார்த்து 'இதிலா சங்கீதம்?' என்று நின்ற கூட்டத்துக்கு, மேற்கத்திய சாஸ்திரிய இசை அந்தப் பீப்பாயிலிருந்தே வந்தது. மேளத்துக்குத் தடை போட்ட சாம்ராஜ்யத்தின் தலைநகரம் கை தட்டியது.

குழு ஊர் திரும்பியபோது ஸ்டெர்லிங் பெட்டன்கோர்ட் மட்டும் லண்டனிலேயே தங்கிவிட்டார். நாட்டிங் ஹில் பகுதியில் 1960-களில் தெருத் திருவிழா ஆரம்பித்தபோது, பேனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தவர்களில் அவரும் ஒருவர். போலீஸ் கூடவே வந்தது, இந்த முறை போக்குவரத்தை ஒழுங்குபடுத்த.