வெப்பம் முதலில், உணவு பிறகு: நலிந்த தாடி ஓணானின் மீட்பு குறித்து

பல ஆண்டுகள் தவறாக வளர்க்கப்பட்ட தாடி ஓணான் புதிய கைக்கு மாறும்போது, பெரும்பாலும் ஒரே கோலத்தில்தான் வந்து சேர்கிறது. கண்கள் பாதி மூடியிருக்கும். கையில் எடுத்தால் திமிறாது. எதிரே பூச்சி ஓடினாலும் தலை திரும்பாது. வாலின் அடியில் இடுப்பெலும்பு புடைத்துத் தெரியும். இரக்கமுள்ள புதிய வளர்ப்பாளர் உடனே அதன் வாயைத் திறந்து எதையாவது ஊட்டப் பார்க்கிறார். அடுத்து மருந்து தேடி அலைகிறார். இந்த வரிசை தவறு என்பதே இக்கட்டுரையின் வாதம். அந்தச் சோர்வைத் தனி நோயாகக் கொள்ளாமல், விலங்கு இதுவரை வாழ்ந்த கூண்டின் வெப்பமும் ஒளியும் அதன் உடலில் விட்டுச்சென்ற பதிவாகவே முதலில் படிக்க வேண்டும்.

போகோனா விட்டிசெப்ஸ் என்ற இந்த இனத்தை 1926இல் எர்ன்ஸ்ட் ஆல் விவரித்தார். ஆஸ்திரேலியாவின் கிழக்கு, நடு உட்பகுதிகளின் வறண்ட புதர்க்காடுகளே இதன் தாயகம். நம் வேலியில் தலையாட்டும் ஓணானும் இதே அகமிடே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஆஸ்திரேலியா தன் ஊர்வனவற்றை உயிருடன் வணிகத்துக்கு ஏற்றுமதி செய்ய விடுவதில்லை. ஐரோப்பிய, அமெரிக்க வீடுகளில் இன்று வளர்பவை கூண்டிலேயே தலைமுறை தலைமுறையாகப் பெருகியவை. தலைமுறைகள் மாறினாலும் அவற்றின் உடல் கேட்கும் வெப்பம் மாறவில்லை.

ஊர்வனவற்றின் உடல்வெப்பம் சுற்றுப்புறத்தின் போக்கிலேயே ஏறி இறங்கும் என்ற பழைய எண்ணத்தை ரேமண்ட் கவுல்ஸும் சார்லஸ் போகர்ட்டும் 1944இல் வெளியிட்ட பாலைவன ஊர்வன ஆய்வு அசைத்தது. வெயிலுக்கும் நிழலுக்கும் மாறிமாறி நகர்ந்து பல்லியினங்கள் தம் உடல்வெப்பத்தைக் குறுகிய எல்லைக்குள் தாமே நிறுத்திக்கொள்கின்றன என்று அவர்கள் காட்டினர். தாடி ஓணான் விரும்பித் தேர்வது ஏறத்தாழ 35 பாகை செல்சியஸ். அதன் செரிமானம், தசை, நோயெதிர்ப்பு எல்லாம் அந்த அளவையொட்டியே சீராக இயங்குகின்றன. நாள் முழுதும் 25 பாகையில் கிடக்கும் விலங்கின் குடலில் உணவு நகராது, தேங்கும். அந்நிலையில் வலிந்து ஊட்டினால் உணவு செரிக்காமல் அழுகலாம். சில வேளை வாந்தியாகி மூச்சுக்குழலிலும் புகலாம். அன்போடு ஊட்டியதே உயிருக்கு உலையாகிவிடுகிறது.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மேத்யூ குளூகரும் உடன் ஆய்வாளர்களும் பாலைவன இகுவானாக்களில் செய்த சோதனைகளை இங்கே விரிவாகச் சொல்ல வேண்டும். இப்பல்லிகளால் நம்மைப்போல் உள்ளிருந்து காய்ச்சல் உண்டாக்கிக்கொள்ள முடியாது. ஆனால் ஏரோமோனாஸ் பாக்டீரியா செலுத்தப்பட்டவை வழக்கத்தைவிடச் சூடான இடத்தைத் தேடிப்போய்த் தம் உடலைச் சூடேற்றிக்கொண்டன என்று 1974இல் தெரியவந்தது. மறு ஆண்டு வந்த ஆய்வில், தொற்றுள்ள பல்லிகளை 34 முதல் 42 பாகை வரை வெவ்வேறு வெப்பநிலைகளில் வைத்துப் பார்த்தார்கள். வெப்பம் கூடிய குழுக்களில் பிழைத்தவை கூடுதல். ஆகவே சூடான இடம் இல்லாத தொட்டி பல்லியை மந்தமாக்குவதோடு நிற்பதில்லை. தன்னைத் தானே காத்துக்கொள்ளும் வழியையும் அதனிடமிருந்து பறித்துவிடுகிறது. மருந்துக்கும் இது பொருந்தும். அமிகாசின் கொடுக்கப்பட்ட கோஃபர் பாம்புகளில், அம்மருந்து உடலில் பரவுவதும் வெளியேறுவதும் 25 பாகையில் ஒரு விதமாகவும் 37 பாகையில் வேறு விதமாகவும் இருந்தன என்று 1985இல் காட்டப்பட்டது. கூண்டின் வெப்பநிலை தெரியாமல் மருந்தளவு எழுதுவது குருட்டுக் கணக்கு.

வெப்பத்தின் வேலை இதோடு முடியவில்லை. 290 முதல் 315 நானோமீட்டர் வரையுள்ள புற ஊதா பி கதிர் தோலில் பட்டதும் உருவாவது வைட்டமின் டி3 அன்று, அதன் முன்வடிவம் மட்டுமே. அது வைட்டமினாக மாற உடற்சூடு வேண்டும். பிறகு கல்லீரலும் சிறுநீரகமும் அதைச் செயல்படும் வடிவத்துக்குக் கொண்டுவருகின்றன. இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் குடல் கால்சியத்தைச் சரிவர உறிஞ்சாது. இரத்தத்தில் கால்சியம் குறைந்ததும் இணைத்தைராய்டு சுரப்பிகள் எலும்பைக் கரைத்து ஈடுகட்டுகின்றன. ஏற்கெனவே சுவர்க்கோழியிலும் மாவுப்புழுவிலும் கால்சியத்தைவிடப் பாஸ்பரஸ் பல மடங்கு மிகுதி. தேவைப்படுவதோ ஒன்றரை முதல் இரண்டு பங்கு கால்சியத்துக்கு ஒரு பங்கு பாஸ்பரஸ். பூச்சியின்மேல் சுண்ணத்தூள் தூவாத வீட்டில் எலும்பு இரு வழியிலும் தேய்கிறது.

அந்தத் தேய்வை விரல் நுனியிலேயே உணரலாம். நலமான ஓணானின் கீழ்த்தாடை கல்போல் உறுதியாக இருக்கும். நோயுற்றதன் தாடை மெல்ல அழுத்தினாலே ரப்பர்போல் வளையும். தொடை உருண்டு திரண்டிருக்கும். அதைப் பார்த்துக் கொழுத்திருக்கிறது என்று மகிழ்பவர்கள் உண்டு. உண்மையில் அது கரைந்த எலும்பைத் தாங்க வளர்ந்த நார்த்திசு. கால்விரல்கள் துடித்தால் இரத்தக் கால்சியம் அபாய அளவுக்குக் குறைந்திருக்கக்கூடும். அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். பற்களையும் பார்க்க வேண்டும். தாடை விளிம்போடு ஒட்டிய அப்பற்கள் விழுந்தால் மறுபடி முளைப்பதில்லை. ஈறு சுருங்கித் தாடையோரம் கறுத்திருந்தால், இரையை மறுப்பதற்கு வலியும் ஒரு காரணமாகலாம்.

ஒளிக்குப் பதிலாக வைட்டமின் தூள் போதாதா என்று கேட்கப்படுகிறது. ஊனின்க்ஸும் உடன் ஆய்வாளர்களும் இளம் தாடி ஓணான்களில் செய்து 2010இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தருகிறது. கதிர் பெற்றவற்றின் இரத்தத்தில் இருந்த வைட்டமின் டி அளவை, வாய்வழி டி3 பெற்றவை எட்டவில்லை. தூளைக் கூட்டிக்கொண்டே போகவும் முடியாது; மிகுந்தால் மென்திசுக்களில் சுண்ணம் படியும். தோலில் கதிரால் உருவாகும் வைட்டமினுக்கோ உடலே வரம்பு கட்டிக்கொள்கிறது.

இந்தச் சோர்வு குளிர்கால ஒடுக்கமாக இருக்கலாமே என்பது இன்னொரு மறுப்பு. வளர்ந்த தாடி ஓணான்கள் ஆண்டில் சில வாரங்கள் உண்ணாமல் ஒடுங்கிக் கிடப்பது இயல்புதான். ஆனால் நலமாக ஒடுங்கிய விலங்கின் எடை பெரிதாகக் குறையாது. தவறாக வளர்ந்து, இடுப்பெலும்பு தெரியும் விலங்கு ஒடுங்கியிருக்கிறது என்று ஊகித்து விட்டுவிடுவது, என் மதிப்பீட்டில், புறக்கணிப்பின் தொடர்ச்சியே.

எனவே மீட்பின் வரிசை இப்படி அமைய வேண்டும். தொட்டியின் ஒரு முனையில் வெயில் காயும் கல்லின் மேற்பரப்பு 38 முதல் 42 பாகையும், மறுமுனை 25 பாகையையொட்டியும் இருக்கட்டும். எங்கே படுப்பது என்பதை விலங்கே முடிவு செய்யும். கண்ணாடிச் சுவரில் ஒட்டிய வட்ட வெப்பமானியை நம்பக்கூடாது. கல்லையே அளக்க வேண்டும். புற ஊதா விளக்குக்கும் முதுகுக்கும் இடையே கண்ணாடி கூடாது, அது அக்கதிரைத் தடுத்துவிடும். உடல் சூடேறும்போது நீர்த்தேவையும் ஏறும் என்பதால் நீரும் உடனே வேண்டும். மூக்கு நுனியில் துளித்துளியாக விட்டால் நக்கிக் குடிக்கும். கழிவின் வெள்ளைப் பகுதி மஞ்சளாகக் கெட்டிப்பட்டிருந்தால் நீர் இன்னும் போதவில்லை. இவ்வளவுக்கும் பிறகே உணவு, அதுவும் சிறிதளவு. நெடுநாள் பட்டினி கிடந்த உடலில் திடீரென நிறைய உணவு சேர்ந்தால் இரத்தத்தின் பாஸ்பரஸும் பொட்டாசியமும் சரிந்து உயிர் போகக்கூடும்.

சூடும் நீரும் கிடைத்தும் சில நாள்களில் தெளியாத விலங்குக்கு ஒட்டுண்ணி, அடினோவைரஸ், பூஞ்சைத் தொற்று ஆகியவற்றுக்கான சோதனை தேவை. மருத்துவரை இந்த வரிசை ஒதுக்கவில்லை. அவருடைய சோதனைக்குப் பொருள் தருகிறது. வளைந்து இறுகிவிட்ட முதுகெலும்பு நிமிராது என்பதையும் வளர்ப்பவரிடம் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும்.

ஊர்வனவற்றைப் பார்க்கும் மருத்துவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வந்திருக்கும் விலங்கின் எடையை எழுதும் இடத்துக்கு மேலேயே, கூண்டின் இரு முனை வெப்பநிலையையும் புற ஊதா விளக்கு மாட்டிய மாதத்தையும் கேட்டு எழுதுங்கள். புற ஊதாக் கதிர் குறைந்து பல மாதங்கள் ஆன பிறகும் அந்த விளக்கு கண்ணுக்குப் பிரகாசமாகவே எரியும்.