யாழ்ப்பாண வகுப்பறைகளில் செய்நிரலாக்கம்

இலங்கைப் பாடசாலைகளில் கணினிக் கல்விக்கான முதல் முயற்சிகள் 1980களில் தொடங்கின. யாழ்ப்பாணக் குடாநாட்டில் அவை வேரூன்ற உள்நாட்டுப் போர் இடம்தரவில்லை. 1990இல் தேசிய மின்வலையமைப்புடனான தொடர்பு அறுந்தது; எரிபொருளும் மின்கலங்களும் பொருளாதாரத் தடையில் சிக்கின. மண்ணெண்ணெய் விளக்கில் படித்த மாணவருக்குக் கணினி எட்டாப் பொருளாகவே இருந்தது. 2002 போர்நிறுத்தத்தில், குடாநாட்டைத் தெற்குடன் இணைக்கும் ஏ9 வீதி திறந்ததும் நிலைமை சற்றுத் தளர்ந்தது. 2006இல் அவ்வீதி மீண்டும் மூடப்பட்டது.

2000களின் நடுப்பகுதியில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் சாதாரண தரத்தில் விருப்பப் பாடமானது. பின்னர் உயர்தரத்திலும் இடம்பெற்றது. சாதாரண தர வகுப்பில் செய்நிரலாக்கம் தாளிலேயே தொடங்குகிறது. இரு எண்களில் பெரியதைக் காணும் கணக்கில், எண்களைப் பெறுவதை இணைகரமாகவும், ஒப்பிடுவதைச் சாய்சதுரமாகவும் மாணவர் பாய்ச்சற் கோட்டுப்படத்தில் வரைவர். அடுத்து அதைப் போலிக் குறிமுறையில் எழுதி, இறுதியில் பாஸ்கல் மொழிக்கு மாற்றுவர். கற்பித்தலை மனதிற்கொண்டு நிக்லாஸ் விர்த் 1970இல் வெளியிட்ட மொழி அது. உயர்தரத்தில் பைதன் கற்பிக்கப்படுகிறது. விளக்கம் தமிழில் நடந்தாலும் கட்டளைச் சொற்கள் ஆங்கிலத்திலேயே இருப்பதால், தொடக்கநிலை மாணவருக்கு இரட்டைச் சுமை.

2009இல் போர் முடிந்தபின் வகுப்பறைக்கு வெளியிலும் வாய்ப்புகள் பெருகின. தன்னார்வலர் அமைப்பான யாழ் ஐ.டி. ஹப் 2012 முதல் யாழ் கீக் சலெஞ்ச் போட்டியை நடத்திவருகிறது. அதில் பாடசாலை மாணவருக்கும் தனிப்பிரிவு உண்டு.