பண்டை அறுவை மருத்துவத்தில் கைப்பயிற்சி

விபத்தில் அடிபட்டுக் குருதி பெருகக் கிடப்பவரைக் காக்கும் மருத்துவருக்கு ஏட்டறிவு மட்டும் போதாது; கையும் முன்னரே பழகியிருத்தல் வேண்டும். இக்காலத்தில் அப்பழக்கம் மனித உடல்போலச் செய்யப்பட்ட பயிற்சிப் பாவைகளின் வாயிலாகவும் அளிக்கப்படுகின்றது. பாவை புதியது. ஆயின், உயிருள்ள உடலைத் தொடுமுன் உயிரற்ற பொருளில் பழகுதல் வேண்டும் என்னும் கொள்கை மிகப் பழையது.

வடமொழி மருத்துவ நூலாகிய சுசுருத சங்கிதையில், சூத்திரத்தானத்தின் ஒன்பதாம் அத்தியாயம் இப்பயிற்சியைப் பற்றியதே. நூல் பல கற்றவனாயினும் செய்து பழகாதவன் அத்தொழிலுக்குத் தகுதியற்றவன் என்பது அதன் முடிபு. அறுத்தெடுக்கப் பழகுவோனுக்குப் பூசணி, சுரை, வெள்ளரி முதலிய காய்கள். கீறுதற்கு நீரும் சேறும் நிரப்பிய தோற்பை. சுரண்டுதற்கு மயிர் நீங்காத தோல். நாளத்தைக் குத்துதற்கு இறந்த விலங்கின் நாளமும் தாமரைத் தண்டும். புண்ணின் ஆழத்தைத் துழாவி அறிதற்குப் புழு அரித்த மரம். தைத்தற்குத் துணியும் மென்தோலும். கட்டுக் கட்டுதற்கு மனித உருவாகச் செய்த பாவை என வகுக்கின்றது அந்நூல்.

இத்தேர்வு நுட்பமுடையது. புழு அரித்த துளை, புரையோடிய புண்ணைப் போலக் கண்ணுக்குப் புலனாகாது வளைந்து செல்வது. கையுணர்வே அங்கு வழிகாட்டி. ரப்பர்த் தோட்டத்தில் பால்வெட்டுக் கத்தி பட்டையைக் கடந்து கட்டையைத் தொட்டால் மரம் காயப்படும். அவ்வளவை வாய்ச்சொல்லால் விளக்கிவிட இயலாது. மருத்துவர் கத்திக்கும் அஃதே முறை.

ஆயினும், நூல் நிலைத்த அளவுக்குக் கைத்திறன் நிலைக்கவில்லை. ஏடுகள் படியெடுக்கப்பட்டன, கத்தியோ வைத்தியர் கையிலிருந்து பெரும்பாலும் நழுவிற்று. சுசுருதத்தை அச்சிற்பதிப்பித்த மதுசூதன குப்தரே, 1836-இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் மனித உடலை அறுத்து ஆய்ந்தார். ஏட்டையும் கத்தியையும் ஒருவரே மீண்டும் ஒருங்கே ஏந்தியமை இங்கு நோக்கத்தக்கது.

தமிழிலும் இம்முயற்சி நிகழ்ந்தது. 1847-இல் இலங்கைக்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தமிழ் மாணவர்க்குத் தமிழிலேயே மேலை மருத்துவம் பயிற்றினார். ஆங்கில அறுவை நூலொன்று 'இரண வைத்தியம்' என்னும் பெயரால் 1867-இல் தமிழாயிற்று. அங்கு மருத்துவமனையே வகுப்பறையாகவும் விளங்கிற்று.

இக்காலப் பாவைக்கு வருவோம். 1960-இல் நார்வே நாட்டுப் பொம்மைத் தொழிலதிபர் ஆஸ்மண்ட் லேர்டால், மூச்சு ஊட்டிப் பழகுதற்கு ஒரு பாவையை வெளியிட்டார். 1976-இல் அமெரிக்காவின் நெபிராஸ்கா மாநிலத்தில், எலும்பு மருத்துவர் ஜேம்ஸ் ஸ்டைனர் ஓட்டிச் சென்ற விமானம் வீழ்ந்தது. மனைவி இறந்தார், மக்கள் படுகாயமுற்றனர். அடிபட்டோரைக் காக்கும் முறையான பயிற்சி சிற்றூர் மருத்துவர்க்கு இல்லாமையை அன்று அவர் கண்டார். அத்துயரிலிருந்து எழுந்த பயிற்சித் திட்டத்தை 1980-இல் அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரி ஏற்றது. முதலில் மூச்சுவழி, அடுத்து மூச்சு, பின்னர் குருதியோட்டம் என்பது அப்போது அதன் வரிசையாயிருந்தது. மார்பில் குழாய் செருகுதல் போன்றவற்றை இன்று பாவையின் மீதே பழகலாம்.

இப்பாவை சுசுருதத்தின் வழிவந்தது எனக் கூறுதல் பொருந்தாது; இரண்டிற்கும் நேர்த்தொடர்பு இல்லை. இருவேறு காலத்தார் ஒரே தேவையை உணர்ந்தனர் என்பதே உண்மை. கற்பவன் தவறிழைத்தே தேறுவான். அத்தவறு பூசணியிலோ பாவையிலோ நிகழட்டும். நோயாளியின் உடலில் நிகழலாகாது.